சுண்ணாம்புக்கல், முக்கால் இஞ்சு

எங்கள் கல்லூரியின் முன்வாசலுக்கும் விடுதி மெஸ்ஸுக்கும் நடுவில் டென்னிஸ் கோர்ட் அளவுக்கு ஓர் இடம் உண்டு. காலை ஏழு மணிக்கு அங்கே வந்து உட்காரும் வெயில் மாலை ஆறு வரை எழுந்திருக்காது. அந்த இடத்தில் மூன்று முறை கொரியன் புல் பதித்தார்கள், மூன்று முறையும் செத்தது. பழியை வெயில் மேல் மட்டும் போட முடியாது. மெஸ்ஸில் அண்டா கழுவும் தண்ணீர் மதிலோரமாக வழிந்து வந்து அங்கேதான் தேங்கும். கரிசல் மண், வாங்கியதைத் திருப்பித் தராது. மேலே பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்திருக்கும். மண்வெட்டியை இறக்கினால் அரையடிக்குக் கீழே பச்சையும் கறுப்புமாக ஒரு களி வரும். அதில் போன வருடத்து சாம்பார் இருக்கும். முருங்கைக்காய்ச் சக்கை மென்ற வாகிலேயே இருக்கும். நாங்கள் துப்பியதை மண்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

நான் பரீட்சை எழுதுவதா இல்லையா என்பது இந்தக் களியில்தான் முடிவாக வேண்டியிருந்தது.

என் பெயர் அறிவரசன். பாடாலூர். மூன்றாம் ஆண்டு தாவரவியல். வருகைப் பதிவு ஐம்பத்தொன்பது சதவீதம். காரணம் கேட்டால் என்னிடம் நாற்பத்தொன்று இருக்கிறது, எதுவும் உருப்படியானது இல்லை. என்னைப் போலவே பட்டியலில் மாட்டியவள் வெற்றிச்செல்வி, அறுபத்திரண்டு. அவளிடம் ஒரே காரணம்தான் இருந்தது. அரியலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவில் அவள் ஊர். அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகிப் படுத்துவிட, வீட்டில் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை இவள் தலையில் விழுந்தது. ஒன்றரை மாதம் வரவில்லை. திரும்பி வந்தபோது விரல் நுனியெல்லாம் கொட்டைப்பால் பட்டுத் தோல் உரிந்திருந்தது.

இதற்கு நடுவில் பெரம்பலூரில் மக்காச்சோள விதை விற்கும் ஒரு கம்பெனி, விதை முளைக்கிறதா என்று பார்க்கும் சோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை போட்டு வைத்திருந்தது. ஜூன் மாதம் சேர வேண்டும். ஏப்ரல் பரீட்சையை எழுதினால்தான் வேலை. எனக்கு ஹால் டிக்கெட் போனால் ஒரு வருடம் போகும், வீட்டில் திட்டுவார்கள், முடிந்தது. அவளுக்கு அப்படியில்லை.

எங்கள் கல்லூரியில் முதல்வர் என்று ஒருவர் இருக்கிறார், கையெழுத்துப் போடுவார். எங்கே போட வேண்டும் என்று மேனேஜர் குருநாதன் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுப்பார். அந்த மேனேஜர் எங்கள் இருவரையும் பிப்ரவரி தொடக்கத்தில் கூப்பிட்டார். தாளாளர் தன் மகனைப் பார்க்க இங்கிலாந்து போய் வந்திருந்தார். அங்கே யாரோ ஒருவர் வீட்டு முன்னால் புல்தரை இல்லாமல் சரளைக்கல்லைக் கொட்டி, நடுநடுவே புற்களும் பூச்செடிகளும் வளர்த்திருந்ததைப் போனில் படம் எடுத்து வந்திருந்தார். தண்ணீரே ஊற்ற வேண்டாமாம். போர்வெல் வற்றிப்போன கல்லூரிக்கு இந்த ஒரு வார்த்தை போதும். மார்ச் மாதம் மூன்றாவது திங்கட்கிழமை தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. அதற்குள் அந்தப் படம் மாதிரியே இங்கே ஒன்று இருக்க வேண்டும். இருந்தால் இரண்டு பேருக்கும் வருகைப் பதிவில் விலக்கு. இதைச் சொல்லும்போது அவர் போண்டா தின்றுகொண்டிருந்தார். எண்ணெய் விரலை எங்கள் வருகைப் பட்டியலின் ஓரத்தில் துடைத்துக்கொண்டார். என் பெயர் கண்ணாடி மாதிரி ஆகி, பின்பக்கத்து எழுத்து தெரிந்தது.

செல்வி படத்தை வாங்கிப் பார்த்தாள். அதில் இருந்த செடி எதுவும் நம் வெயிலுக்கு ஒரு வாரம் தாங்காது என்றாள். ஆனால் வேலை செய்திருக்கும் விதம் சரி, தண்ணீர் நிற்காமல் இறங்க வேண்டும், வேர் கீழே போக வேண்டும், கல் மேலே இருந்து ஈரத்தைக் காக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள். பிறகு ஒரு பட்டியல் எழுதினாள். வெட்டிவேர், ஊசிப்புல், சிறுபூளை, விஷ்ணுகிராந்தி, நித்தியகல்யாணி, ஆவாரை. எல்லாம் ஒருமுறை வைத்தால் வருடக்கணக்கில் நிற்பவை. மேனேஜர் முகம் சுளித்தார். இதெல்லாம் ரோட்டோரம் கிடப்பதுதானே என்றார். நித்தியகல்யாணியை அவர் ஊரில் சுடுகாட்டு மல்லி என்பார்களாம், குழு வரும் நாளில் அது வேண்டாம் என்றார். செல்வி மறுபேச்சுப் பேசாமல் அதை அடித்துவிட்டு, 'கேதராந்தஸ்' என்று எழுதிக் கொடுத்தாள். இதுதான் நல்ல செடி என்று அவர் திருப்திப்பட்டார்.

பதினைந்து நாள் தோண்டினோம். மேல் அடி மண்ணை வழித்து எடுத்தோம். அந்த நாற்றத்தை எழுதிக் காட்ட முடியாது. இரண்டு சோப்பு போட்டுக் குளித்துவிட்டு மெஸ்ஸில் போய் உட்கார்ந்தால், இலையில் விழும் சாம்பாருக்கும் காலையில் மண்வெட்டியில் வந்ததற்கும் வயதுதான் வித்தியாசம் என்று தெரியும். நான் தயிர்ச்சாதத்துக்கு மாறினேன். மெஸ் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்பினோம். செம்மண் சரளையும் செங்கல் உடைசலும் மணலும் கலந்து ஓரடி மேடு கட்டினோம். செடிகளை ஒன்றுக்கொன்று கை படாத தூரத்தில் நட்டாள். வேர் பிடிக்கும் வரைக்கும் காலையில் மட்டும் ஒரு சொம்பு. வெட்டிவேர் இரண்டே வாரத்தில் புதுப் புல்தாள் விட்டது. சுடுகாட்டு மல்லி, மன்னிக்கவும், கேதராந்தஸ் பூத்தே விட்டது. அவள் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் ஏதோ ஜோக் சொன்னேன். "அப்பறம்?" என்றாள். என் எல்லா ஜோக்குக்கும் அவள் கேட்பது அது ஒன்றுதான்.

மிச்சம் இருந்தது மேலே பரப்பும் கல். கருங்கல் ஜல்லி வெயிலில் அடுப்பாகக் கொதிக்கும், படத்தில் இருப்பதும் வெளிர் கல்தான், அதனால் அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் வாங்கலாம் என்றாள். அவள் ஊரில் அந்தக் கல் மேலேயேதான் இந்தச் செடியெல்லாம் முளைக்கிறதாம். துண்டுத் தாளில் 'சுண்ணாம்புக்கல், முக்கால் இஞ்சு' என்று எழுதி என்னிடம் கொடுத்தாள். நான் ஆபீசில் கொடுத்தேன். நான் நிற்கும்போதே மேனேஜர் கல் கடைக்குப் போன் போட்டார். கையில் போண்டா, ஆகையால் ஸ்பீக்கர்.

கடைக்காரர் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் கேட்டார். "சுட்டதாங்க, சுடாததாங்க?"

மேனேஜர் மெல்லுவதை நிறுத்தினார். கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்னை ஆளாக எண்ணவில்லை போல, தொடர்ந்தார். சுட்டது என்றால் என்ன வசதி என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சுட்டது ரெடியா இருக்குங்க, நாளைக்கே ஏத்திரலாம். சுடாததுன்னா குவாரி பர்மிட்டு வாங்கி, ஒடைச்சு, நாலஞ்சு நாளு ஆவும்."

"அப்ப சுட்டதையே அனுப்புங்க. வெளிய சொல்லிக்க வேணாம்."

"இதுல என்னங்க ஒளிவு மறைவு," என்றார் கடைக்காரர், நிஜமான குழப்பத்தோடு.

எனக்குச் சிரிப்பை அடக்கக் கன்னம் வலித்தது. சுட்டது என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒரே பொருள். பேனா சுட்டது, செருப்பு சுட்டது, அசைன்மெண்ட் சுட்டது. தினமும் பர்மிட் இல்லாத கல் லாரி பிடிபடும் செய்தி படிக்கிற ஊரில் கல் சுட்டது என்றால் வேறென்ன? தர மதிப்பீட்டுக்குத் திருட்டுக் கல்லில் தோட்டம். நான் பெயர் சொல்லாமல் நடத்தும் 'மெஸ் சாம்பார்' என்ற இன்ஸ்டா பக்கத்தில் அன்றைக்கே போட்டேன். நானூற்றுப் பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். செல்வியிடம் சொல்லவில்லை. அவள் "அப்பறம்?" என்று கேட்பாள், ஜோக் வீணாகும்.

வியாழக்கிழமை கல் வந்தது, மூட்டை மூட்டையாக. செல்வி மிச்சப் புல் எடுத்துவர ஊருக்குப் போயிருந்தாள். வரட்டும் என்றேன். மேனேஜருக்குப் பொறுக்கவில்லை, குழு வர நாலு நாள்தான் என்று நின்ற இடத்திலேயே குதித்தார். நானும் இரண்டு வாட்ச்மேன்களும் கொட்டிப் பரப்பினோம். நல்ல வெள்ளை. ஆனால் ஒரே தூசி. கை அரித்தது. எனக்கு வேலை செய்தாலே அரிக்கும் என்பதால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முடித்துவிட்டுப் பார்த்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக இருந்தது. வெள்ளைக் கல்லுக்கு நடுவில் பச்சைத் தாள், ஊதாப் பூ. மேனேஜருக்கு மட்டும் தூசி பிடிக்கவில்லை. கழுவி விடச் சொன்னார். நான்தான் ஹோஸைப் பிடித்தேன்.

முதலில் சீறல் கேட்டது. பாம்பு என்று ஒரு வாட்ச்மேன் மதில் மேல் ஏறிவிட்டார். பிறகு ஆவி எழுந்தது. கல்லெல்லாம் பட்பட்டென்று வெடித்து, உப்பி, பொரிந்து, மாவாகிக் குழம்பாகிக் கொதித்தது. ஓரடி மேடு முழுக்க ஒரே அடுப்பு. வெட்டிவேர்த் தாள் என் கண் முன்னால் நிறம் மாறிச் சாய்ந்தது. கேதராந்தஸ் கொதிநீரில் விழுந்த கீரையாகிச் சுருண்டது. கீரை வேகும் வாடையும் புதுச் சுண்ணாம்பு வாடையும் சேர்ந்து தொண்டையில் இறங்கியது. நான் ஹோஸை விடவில்லை. நெருப்பு என்றால் தண்ணீர் அடிக்க வேண்டும் என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அடிக்க அடிக்க அது கொதித்தது.

செல்வி கேட்டுக்குள் நுழைந்தது அப்போதுதான். தலையில் ஈரச் சாக்கு, அதற்குள் புல் கட்டு. சாக்கைப் போட்டுவிட்டு ஓடிப் போய்க் குழாயை மூடினாள். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னாள், கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்றாள். என் காலைப் பார்த்தாள். முழங்கால் வரை வெள்ளை. உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு அப்புறம் கழுவு, நிறையக் கழுவு என்றாள். பிறகுதான் தோட்டத்தைப் பார்த்தாள். திரும்பி மேனேஜரிடம் கேட்டாள்.

"சுட்ட கல்ல யாருங்க சார் எறக்குனது?"

மேனேஜர் முகம் வெளுத்தது. "ஏம்மா, மெதுவா பேசு. எல்லாத்துக்கும் பில்லு இருக்கு."

"பில்லு எதுக்குங்க? சூளையில சுட்ட கல்லு சார் இது. வூட்டுக்கு வெள்ளையடிக்கப் பானையில போட்டுத் தண்ணி ஊத்துவாங்கல்ல, அது."

என் காலில் எரிச்சல் தெரிய ஆரம்பித்தது அந்த நொடியில்தான். கல் கடைக்காரர், கல்லூரிக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று எண்ணி ஒழுங்காகத்தான் கேட்டிருக்கிறார். அவர் கேட்டது புரியாமல் இரண்டு படித்தவர்கள் அந்த அறையில் இருந்திருக்கிறோம். ஒருவர் திருட்டுக் கல்லுக்கு ஆர்டர் கொடுத்தார். மற்றவர் அதற்கு லைக் வாங்கினார்.

அரை மணி நேரத்தில் மேனேஜருக்கு நிறம் திரும்பிவிட்டது. எங்களை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசை மேல் அந்தத் துண்டுத் தாள். சுண்ணாம்புக்கல் என்று எழுதியது யார் கையெழுத்து? சுண்ணாம்புக்கல் கேட்டாள், சுண்ணாம்புக்கல் வந்தது, தாளாளரிடம் வேறென்ன சொல்வது என்றார். கோபமே இல்லை, கறிகாய்க் கணக்குச் சொல்லும் குரல். தப்பு தன்னுடையது என்று செல்வி ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். கூடவே திங்கட்கிழமைக்கு அந்த இடத்தில் புல் என்று ஏதாவது நிற்க வேண்டும். தந்தால் ஹால் டிக்கெட். இல்லையென்றால் அடுத்த வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்துக்குப் போகிற பட்டியலில் அவள் பெயர் இருக்காது. பேசி முடித்துவிட்டு, ஒரு போண்டாவை எடுத்துக்கொள்ளச் சொல்லி என் பக்கம் தட்டை நகர்த்தினார்.

வெளியே வந்து, குழாயடியில் கால் கழுவிக்கொண்டே அவளிடம் போன் விஷயத்தைச் சொன்னேன். ஸ்பீக்கரில் கேட்டது, நான் பக்கத்தில் நின்றது, எல்லாம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

இன்ஸ்டா பக்கத்தில் போட்டேன் என்றேன்.

"எத்தன பேரு சிரிச்சாங்க?"

எண்ணிக்கையைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தோண்டும்போது மண்வெட்டியில் ஒட்டி வருவதை அவள் ஒரு குச்சியால் வழித்துப் போடுவாள். அப்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று பதினைந்து நாள் பார்த்திருக்கிறேன். அதே முகத்தோடு என்னைப் பார்த்தாள். நான் போய் மேனேஜரிடம் நடந்ததைச் சொல்கிறேன் என்றேன்.

"சொல்லி? போன்ல பேசுனது யாருன்னு அவருக்குத் தெரியாதா? நீ போயி சொன்னா எம் பேரோட ஒம் பேரும் போவும். ஒனக்கு மனசு லேசாவும். எனக்கு பரிச்ச எழுதணும் அறிவு."

அதுவரை என் பெயரைச் சுருக்கி அவள் கூப்பிட்டதில்லை. கூப்பிட்ட விதத்தில் அது பெயராக இல்லை.

திரும்ப உள்ளே போனோம். ஹால் டிக்கெட் கைக்கு வந்தால் கடிதம் தருகிறேன் என்றாள். மேனேஜர் சிரித்தார், அதெல்லாம் வழக்கமில்லை என்றார். அவள் நின்றாள். கடைசியில் கம்ப்யூட்டரில் எதையோ தட்டி, அச்செடுத்து, முதல்வருக்குப் புள்ளி வைத்து அனுப்பிக் கையெழுத்து வாங்கினார். அவள் பெயர், பதிவெண், பிறந்த தேதி மூன்றையும் விரல் வைத்துப் படித்துவிட்டு மடித்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்தாள். அப்புறம் உட்கார்ந்து எழுதினாள். நான்கே வரி.

'நான் பட்டியலில் சுண்ணாம்புக்கல் என்று எழுதினேன். சுட்டதா, சுடாததா என்று எழுதாதது என் தவறு. கல் கடைக்காரர் அதைக் கேட்டபோது பதில் சொல்ல அங்கே நான் இல்லாததும் என் தவறு. வெ. வெற்றிச்செல்வி.'

மேனேஜர் படித்தார். இரண்டு இடத்தில் 'தவறு' இருப்பதைப் பென்சிலால் கோடிட்டார். நல்லா எழுதியிருக்க என்று பாராட்டி ஃபைலில் கோத்தார். அந்தக் கடிதத்தை யார் எடுத்துப் படித்தாலும் அடுத்து ஒரு கேள்விதான் கேட்பார்கள், அப்படியானால் பதில் சொன்னது யார் என்று. ஆனால் எங்கள் கல்லூரியில் ஃபைலில் போனதை யாரும் எடுத்துப் படித்ததில்லை. அது அவளுக்கும் தெரியும்.

புல்லுக்கு அவள் செய்ததையும் சொல்ல வேண்டும். சாக்கைப் பிரித்தாள். வெட்டிவேர்க் கட்டு, ஊசிப்புல் கட்டு, வேரில் ஊர் மண் ஒட்டியபடி. அரிவாளை வாங்கி, வேருக்கு மேல் ஒரு சாண் விட்டு எல்லாவற்றையும் வெட்டினாள். தாள் ஒரு குவியல், வேர்க்கட்டை ஒரு குவியல். தாளை என் பக்கம் தள்ளினாள். இது திங்கட்கிழமைக்குப் போதும், குத்தி வை என்றாள். வேர்க்கட்டைகளைத் திரும்பவும் ஈரச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு அரியலூர் பஸ்ஸுக்குப் போனாள். இப்படி ஏமாற்றுவது அசிங்கமாக இல்லையா என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. கேட்கும் இடத்தில் நான் இல்லை.

சனிக்கிழமைக்குள் சுண்ணாம்பு ஆறி, காரை பூசியது போல இறுகிவிட்டது. கடப்பாரையால் ஓட்டை போட்டு ஒவ்வொரு தாளாகக் குத்தினேன். பூ வேண்டுமே என்றார் மேனேஜர். திங்கட்கிழமை பக்கத்துச் சிறுவாச்சூர்க் கோயில் திறக்கிற நாள், வாசலில் பூவுக்குப் பஞ்சமில்லை. காலையிலேயே ஒரு கூடை செவ்வந்தி வந்தது. ஈர்க்குச்சியில் கோத்து நட்டோம்.

குழுவில் மூன்று பேர். தாளாளர் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, எங்கள் முன்மாதிரித் தோட்டம் என்று கூட்டி வந்தார். தாவரவியல் மாணவன் விளக்குவான் என்று மேனேஜர் என்னை முன்னால் தள்ளினார். என் ஹால் டிக்கெட் அவர் சட்டைப் பையில் இருந்தது, பாதி வெளியே தெரியும்படி. குழுத் தலைவர் வடக்கத்திக்காரர், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார், எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று.

மூன்று வருடமாக இப்படி ஒரு கேள்விக்குத்தான் காத்திருந்தேன் என்று சொல்லலாம். ஊரே கேட்க, உண்மையும் நக்கலும் ஒரே வாக்கியத்தில் வரும் வாய்ப்பு.

"ஊற்றுவதே இல்லை சார்," என்றேன். அது உண்மைதான். மேனேஜர் பேசுவது போலவே இருந்தது.

குழுத் தலைவர் தலையை ஆட்டினார். இன்னொருவர் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டிய வெள்ளையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். மூன்றாமவர் செல்ஃபி எடுத்தார். நீர்ச் சிக்கனத்துக்கு முழு மதிப்பெண் கிடைத்ததாக அடுத்த வாரம் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள்.

கார் கிளம்பியதும் மேனேஜர் ஹால் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். அவர் உடம்புச் சூட்டில் அது வெதுவெதுப்பாக, கொஞ்சம் ஈரமாக இருந்தது. என் தோளில் கை வைத்து அழுத்தினார்.

"நீ பொழச்சுக்குவ தம்பி. ஒனக்கு எடம் பொருள் தெரியிது."

மூன்று வருடத்தில் இந்தக் கல்லூரி எனக்குக் கொடுத்த ஒரே சான்றிதழ் அது. நான் நன்றி சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் கவனித்தேன்.

ஏப்ரலில் பரீட்சை. கடைசித் தாளில் செல்வி எனக்கு இரண்டு பெஞ்ச் முன்னால். பத்து மதிப்பெண் கேள்வி ஒன்று, வறண்ட நிலத்தில் செடிகள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்று எடுத்துக்காட்டுடன் விளக்குக. நான் அதைத் தொடவில்லை. அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். தலையைத் தூக்காமலே கையை மட்டும் உயர்த்தி, கூடுதல் தாள் கேட்டாள்.